கிணற்றுக்குள் வெயில் இறங்குமா?

வன்னியிலே மீளக்குடியேறிய ஒரு கிராமம். விவசாயிகள் கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த வேளையில், வயோதிபர் ஒருவர் எம்மை ஒரு பக்கமாக அழைத்தார்.

"சுவாமி, என்ர பேரன் ஒரு வெள்ளைத் தூளைப் பற்றிச் சொல்லுறான். தண்ணியில போட்டு வெயில் பட்டால் மருந்து விஷம் எல்லாம் எரிஞ்சு போகுமாம். கண்டியிலயும் செய்து பார்த்தவங்களாம். அதை வாங்கிக் கிணத்துக்குள்ள போடலாமோ?"

அவர் இப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. இடம்பெயர்ந்த நாளிலே அவசரத்தில் விட்டுச்சென்ற மருந்துப் போத்தல்களும் தகரங்களும் கிணற்றடிக் கொட்டிலில் அப்படியே கிடந்தன. குடும்பம் திரும்பி வந்தபோது கொட்டில் இடிந்துபோயிருந்தது. தகரங்கள் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தன. போத்தல்களில் ஒட்டியிருந்த பெயர்கள் அழிந்துவிட்டன. எத்தனை மாரிமழை அவற்றைக் கழுவிக் கிணற்றுக்குள் கொண்டுசென்றதோ யாருக்கும் தெரியாது. கிணற்றை இறைத்துச் சேறெடுத்துப் பார்த்தார்கள். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால், அதைக் குடிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

அன்று அவருக்கு எம்மால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. "விசாரித்துச் சொல்லுகிறோம் ஐயா" என்றோம். அதன்பின் பேராதனைக்கும் கண்டிக்கும் போகவேண்டிய வேலை வந்தது. போன இடத்தில் கேட்டும் படித்தும் அறிந்துகொண்டதை அந்த ஐயாவுக்கு மட்டுமல்லாது, அவரைப்போன்று தங்கள் கிணற்றைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருக்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் சொல்லவேண்டும் என்று எண்ணியே இதை எழுதுகிறோம்.

அந்தானை மலையின் இரு பக்கங்கள்

கண்டி நகருக்கும் பேராதனைக்கும் இடையே அந்தானை மலைத்தொடர் நிற்கிறது. அதன் ஒரு பக்கச் சரிவிலே, மகாவலி கங்கையை நோக்கியபடி பேராதனைப் பல்கலைக்கழகம் அமைந்திருக்கிறது. கண்டிப் பக்கத்திலே, அந்தானை வீதியில், தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனம் இருக்கிறது. பேரன் சொன்ன கதையில் கண்டி வருவதற்குக் காரணம் இந்த நிறுவனமே.

இங்கே பேராசிரியர் கீர்த்தி தென்னக்கோனும் அவரோடு பணியாற்றியவர்களும் சூரிய ஒளியைக்கொண்டு இரசாயன மாற்றங்களை நிகழ்த்துவது பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்னும் வெள்ளைத் தூளைச் சாதாரண பொலித்தீன் தாளிலே படியவைத்து, நீரில் கலந்த சேதன மாசுகளை ஒளியினால் சிதைக்கலாம் என்பதை 1995இல் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு, 1996இல், அதே முறையினால் நீரில் கரைந்த பரகுவாற்று என்னும் களைநாசினியையும் சிதைக்க முடியும் என்று காட்டினார்கள். 'கிரமக்சோன்' என்ற பெயரில் எமது விவசாயிகள் அறிந்திருந்த மருந்து இதுவேயாகும்.

ஆகவே பேரன் சொன்னது வெறுங்கதையல்ல. எனினும், ஆய்வுகூடத்திலே நடந்ததற்கும் கிணற்றிலே நடக்கக்கூடியதற்கும் இடையே பெரிய தூரம் உண்டு. அந்தத் தூரத்தை விளங்கிக்கொள்வதற்கு, அந்தத் தூள் என்ன செய்கிறது என்பதை முதலிலே அறிய வேண்டும்.

புகையில்லாத எரிப்பு

சேதனப் பசளை என்று சொல்கிறோம். சாணம், குழை, வைக்கோல் எல்லாம் அதில் அடங்கும். இரசாயன அறிஞரின் பேச்சிலே 'சேதனம்' என்ற சொல்லுக்கு இன்னும் விரிந்த பொருள் உண்டு. காபனை முதுகெலும்பாகக் கொண்ட சேர்வைகளே சேதனச் சேர்வைகள். சீனி, எண்ணெய், மண்ணெண்ணெய், சாயம், நாம் அடிக்கும் பூச்சிநாசினிகளில் மிகப் பெரும்பாலானவை எல்லாம் இந்த இனத்தைச் சேர்ந்தவை. உப்பு, துரு, மணல், சுண்ணாம்பு போன்றவை அசேதனப் பொருள்கள்.

வைக்கோலை நெருப்பிலே போட்டால் அதிலுள்ள காபன் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து காபனீரொட்சைட்டாகப் போய்விடுகிறது. ஐதரசன் நீராவியாகிறது. சாம்பல் மட்டும் மிஞ்சுகிறது. இதுதான் ஒட்சியேற்றம். நீரிலே கரைந்த விஷத்துக்கு நெருப்பு வைக்க முடியாது. ஆனால், நெருப்பு செய்யும் அதே வேலையைச் சுவாலையின்றி நீருக்குள்ளேயே செய்விக்கலாம். அந்த வேலையைத் தூண்டிவிட்டுத் தான் செலவழியாமல் நிற்கும் பொருளை ஊக்கி என்பார்கள். எமது வெள்ளைத் தூள் ஓர் அசேதன ஊக்கி.

அது வேலைசெய்யும் விதத்தைத் துலாவைக்கொண்டு சொல்லலாம். கிணற்றின் அடியிலிருந்து துலா ஒரு வாளி நீரை மேலே தூக்குகிறது. தூளின் மேலே கழியூதாக் கதிர் விழும்போது, கீழே அமைதியாகக் கிடந்த ஓர் இலத்திரன் மேல்மட்டத்துக்குத் தூக்கப்படுகிறது. அது இருந்த இடம் வெறுமையாகிறது. வெறுமையான இடம் பசியோடு பக்கத்திலுள்ள நீரிலிருந்து இலத்திரனைப் பறிக்கும். மேலே போன இலத்திரனை நீரிலே கரைந்துள்ள ஒட்சிசன் பிடித்துக்கொள்ளும். இந்தப் பறிப்பிலும் பிடிப்பிலும், கணநேரமே உயிர்வாழும் மிகத் தீவிரமான ஒட்சியேற்றும் துணிக்கைகள் உண்டாகின்றன. தூளுக்குப் பக்கத்தில் வரும் சேதன மூலக்கூறுகளை அவை துண்டு துண்டாக உடைக்கின்றன. உடைத்தல் முடிவுவரை நடந்தால் காபனீரொட்சைட்டும் நீரும் சிறிதளவு உப்புகளுமே மிஞ்சும். துலா தேய்ந்துபோவதில்லை, அடுத்த வாளிக்குத் தயாராக நிற்கிறது.

இந்தத் தூளின் ஆற்றலை உலகுக்குக் காட்டியவர்கள் யப்பானிய அறிஞர்களான புஜிஷிமாவும் ஹொண்டாவும் ஆவர். அவர்கள் 1972இல், தைத்தேனியம் ஈரொட்சைட்டின் மேல் ஒளி விழச் செய்து நீரையே பிரித்துக் காட்டினார்கள். 1976இல் கனடா ஆய்வாளர்கள், நீரிலுள்ள பிடிவாதமான குளோரின் சேர்ந்த நச்சுப்பொருளை அதே தூளினால் சிதைக்கலாம் என்று கண்டார்கள். வீட்டுச் சுவரிலே பழைய வெள்ளைப் பூச்சைத் தொட்டால் கையில் மாவாக ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். வெயிலும் இந்த வெள்ளை நிறப்பொடியும் சேர்ந்து பூச்சிலுள்ள எண்ணெய்ப்பசையைச் சிதைப்பதும் அதற்கு ஒரு காரணமாகும்.

விஷத்தின் ஆயுதமே விஷத்துக்கு மருந்து

பரகுவாற்றுக் கதையில் சிந்திக்கவேண்டிய ஒன்று உண்டு. காலையிலே அடித்த களை பின்னேரத்துக்குள் வாடுவதை எம் விவசாயிகள் பார்த்திருக்கிறார்கள். வெயில் அதிகமென்றால் விரைவாக வாடும். ஏனெனில், இந்த மருந்து இலையின் பச்சையத்தில் ஒளியினால் எழும் இலத்திரனைக் களவெடுத்து ஒட்சிசனிடம் கொடுக்கிறது. அங்கே உண்டாகும் தீவிரத் துணிக்கைகள் இலையை உள்ளிருந்தே எரிக்கின்றன. மனிதரின் உடலுக்குள் போனாலும் நுரையீரலிலே இதையே செய்கிறது. இதற்கு மாற்றுமருந்து இல்லை.

ஒளி, இலத்திரன், ஒட்சிசன் ஆகிய இம்மூன்றும்தான் மருந்தின் ஆயுதம். கண்டி ஆய்வுகூடத்திலே வெள்ளைத் தூள் அதே மூன்றையும் மருந்துக்கு எதிராகத் திருப்பியது.

இந்த மருந்தினால் எத்தனை வீடுகள் இருண்டன என்பதை நாம் எழுதவேண்டியதில்லை. பேராதனை கெட்டம்பேயிலுள்ள பீடைகொல்லிப் பதிவாளர் அலுவலகமே, 1980ஆம் ஆண்டின் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, எந்த மருந்து நாட்டுக்குள் வரலாம் என்று தீர்மானிக்கிறது. பரகுவாற்று 2008இலிருந்து படிப்படியாக விலக்கப்பட்டது. விஷத்தை நீரிலிருந்து அகற்றும் எந்த விஞ்ஞானத்தையும் விட, விஷத்தைக் கடையிலிருந்து அகற்றிய அந்தத் தீர்மானம் அதிக உயிர்களைக் காத்தது என்பதே எமது எண்ணம்.

எமது கரையின் கறுப்பு மணல்

இந்த வெள்ளைத் தூள் எங்கிருந்து வருகிறது என்று தேடினால், எமது கடற்கரைக்கே திரும்பி வருவோம். திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டையிலும் அதை அடுத்த கொக்கிளாய்ப் பக்கத்திலும் கரையிலே கறுப்பாக மின்னும் மணலை அறியாதவர் யார்? அதிலுள்ள இல்மனைற்று, உரூத்தைல் என்னும் கனியங்களில் தைத்தேனியம் இருக்கிறது. இல்மனைற்று பெரும்பாலும் மணலாகவே ஏற்றுமதியாகிறது. வெள்ளைப் பொடி வெளிநாட்டிலிருந்து பூச்சுத் தகரத்திலே திரும்பி வருகிறது. 1984இல் அந்தக் கரையோரக் கிராமங்களிலிருந்து இடம்பெயர்ந்து, கால் நூற்றாண்டுக்குப் பின் திரும்பிய குடும்பங்கள் எமது வாசகர்களிடையே இருக்கக்கூடும். தாங்கள் மிதித்து நடந்த மணலின் பெறுமதியை அவர்கள் அறிந்திருப்பது நல்லது.

வெயிலுக்குப் பதிலாக மின்சாரம்

ஒளியைப் போலவே மின்சாரத்தாலும் இந்த ஒட்சியேற்றத்தைச் செய்விக்கலாம். நீரிலே இரண்டு தகடுகளை வைத்து மின்னோட்டம் செலுத்தினால், நேர்த் தகட்டிலே சேதனப் பொருள்கள் இலத்திரனை இழந்து சிதைகின்றன. சாதாரண இரும்புத் தகடு விரைவில் கரைந்துபோகும். ஆகவே ஈயம், வெள்ளீயம், உருத்தேனியம் முதலிய உலோகங்களின் ஒட்சைட்டுகளைப் பூசிய தகடுகளைப் பயன்படுத்துவார்கள். தமிழ்நாட்டிலே காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் நன்கொடையிலும் எழுந்து 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், தைத்தேனியத்தின் மேல் இத்தகைய பூச்சிட்ட, கரையாத தகடுகளை உருவாக்கிப் பெயர்பெற்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை. வாகனப் பற்றறியின் கபில நிறத் தகட்டிலே இருப்பதும் ஈய ஒட்சைட்டுத்தான். "அப்படியானால் பழைய பற்றறித் தகட்டைத் தண்ணீரில் வைத்துப் பார்க்கலாமே" என்று எந்த இளைஞனும் முயலக்கூடாது. ஈயம் பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும். ஒரு விஷத்தை நீக்கப்போய் இன்னொன்றைக் கரைத்தவர்களாவோம்.

ஏன் கிணற்றுக்குள் போடக்கூடாது?

இனி ஐயாவின் கேள்விக்கு வருவோம்.

பன்னிரண்டு அடி விட்டமுள்ள கட்டுக்கிணறு ஒன்றில் பதினைந்து அடி நீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலே ஏறக்குறைய 48,000 லீற்றர் நீர் உண்டு. தூளை எழுப்பும் கழியூதாக் கதிர் சூரிய ஒளியிலே நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில்தான் இருக்கிறது. அதுவும் கலங்கிய நீரில் வெகுதூரம் போகாது. ஆகவே நீரைத் தட்டையாகப் பரப்பியே வெயில் காட்ட வேண்டும். இரண்டு அங்குல ஆழத்துக்குப் பரப்பினால், அந்த ஒரு கிணற்று நீருக்கே ஏறக்குறைய நான்கு பரப்புக் காணி தேவை. அதற்குள் கிணறு மறுபடியும் ஊறிவிடும். கட்டுக்குள்ளே, நடுப்பகலில் சிறிது நேரம் எட்டிப்பார்க்கும் வெயில் என்ன செய்துவிடும்?

தூளைக் கிணற்றில் கொட்டினால் நீர் பாலாக வெளுக்கும். ஒளி இன்னும் உள்ளே போகாது. அந்த நுண்ணிய பொடியை வடித்தெடுப்பதும் இலகுவல்ல. கண்டி ஆய்வாளர்கள் அதைத் தாளிலே ஒட்டவைத்ததன் பயன் இதிலேதான் இருக்கிறது. அந்தத் தாளும் நிரந்தரமானதல்ல. பொலித்தீனும் ஒரு சேதனப் பொருள் அல்லவா? தூள் காலப்போக்கில் தன்னைத் தாங்கும் தாளையே அரிக்கும்.

இன்னொன்றும் உண்டு. சிதைவு பாதிவழியில் நின்றால், உண்டாகும் இடைப்பொருள்கள் சிலவேளை முதல் விஷத்தைப்போலவே கெட்டவையாக இருக்கும். முற்றாகச் சிதைந்ததா என்பதை ஆய்வுகூடக் கருவி சொல்ல வேண்டும். கண்ணும் மூக்கும் சொல்லமாட்டா. அத்தோடு, சுண்ணாம்புக் கடினம், புளோரைட்டு, உவர், யாழ்ப்பாணக் கிணறுகளிலே பசளையினால் ஏறியிருக்கும் நைத்திரேற்று ஆகியவை அசேதனப் பொருள்கள். அவற்றை இந்த எரிப்பு தொடாது.

பிழையாக விளங்கிக்கொள்ளும் மூன்று காரியங்கள்

முதலாவது, நீரைக் கொதிக்கவைத்தல். அது கிருமிகளைக் கொல்லும். பூச்சிநாசினிகள் பெரும்பாலும் நீரிலேயே தங்கிவிடும். நீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடவும் கூடும்.

இரண்டாவது, குளோரின் இடுதல். கிணற்றுக்குக் குளோரின் இடுவதும் கிருமிகளுக்காகவே. சில பூச்சிநாசினிகளைக் குளோரின் இன்னும் நச்சான பொருளாக மாற்றுவதுண்டு. ஆகவே அதை மருந்து விஷத்துக்கு முறிவாக எண்ணலாகாது.

மூன்றாவது, போத்தலில் நீரை நிரப்பி வெயிலில் வைத்தல். லெபனானிலே உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில், பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் அப்டிம் அக்ரா என்ற அறிஞர் ஆராய்ந்து சொன்ன நல்ல முறை இது. தெளிந்த நீரை நிறமற்ற போத்தலில் நிரப்பி முழு வெயிலில் ஆறு மணித்தியாலமாவது வைத்தால் கிருமிகள் அழியும். மேகமூட்டமானால் இரண்டு நாள் வைக்க வேண்டும். அகதி வாழ்விலே பயன்படக்கூடிய முறைதான். ஆனால், அது ஊக்கியில்லாத வெறும் வெயில். கிருமியைக் கொல்லும் அந்த வெயிலைக்கொண்டு மருந்து விஷம் நீங்கிவிட்டதென்று நம்பக்கூடாது.

அப்படியானால் இந்த அறிவு எங்கே பயன்படும்?

விஷம் நீரிலே பரவிய பிறகு அல்ல, பரவுவதற்கு முன்னரே இதைப் பயன்படுத்த வேண்டும். ஸ்பெயின் நாட்டின் தெற்கிலே அல்மேரியா என்னும் விவசாயப் பகுதி இருக்கிறது. அங்கே வெற்று மருந்துப் போத்தல்களைச் சேகரித்துக் கழுவி, அந்தக் கழுவுநீரைச் சூரிய ஒளியாலும் இரும்பு உப்பாலும் ஐதரசன் பேரொட்சைட்டாலும் சிதைக்கும் நிலையமொன்றை 2004இல் அமைத்தார்கள். இரும்பு இப்படி ஒட்சியேற்றத்தைத் தூண்டும் என்பதை பென்ரன் என்ற ஆங்கில அறிஞர் 1894இலேயே கண்டிருந்தார். சிறிதளவு நீர், கூடிய விஷம், கூட்டாக நடத்தும் நிலையம், பயிற்சி பெற்ற ஆட்கள் ஆகியவை ஒன்றுசேர்ந்தால்தான் இந்த முறை பலன்தரும். தனி வீட்டுக் கிணற்றுக்கு இது ஏற்றதல்ல. எமது கமக்காரர் அமைப்புகளும் கூட்டுறவுச் சங்கங்களும் ஒருநாள் கேட்டுப் பெறவேண்டிய வசதி இது.

அதுவரையில் எம்மால் செய்யக்கூடியவை இவை:

1. சந்தேகமான கிணற்று நீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். அயலிலே நல்ல கிணற்றைத் தேடிக்கொள்ளுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் கிராம அலுவலருக்கும் எழுத்திலே அறிவித்துப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

2. நீரைப் பரிசோதிக்கக் கொடுக்கும்போது, "மருந்துப் போத்தல்கள் கிடந்தன" என்று குறிப்பாகச் சொல்லுங்கள். வழமையான பரிசோதனை உப்பையும் கிருமியையுமே பார்க்கும். பூச்சிநாசினிக்கு வேறு கருவியும் வேறு பரிசோதனையும் வேண்டும்.

3. பழைய போத்தல்களை எரிக்கவோ புதைக்கவோ குளத்தில் எறியவோ வேண்டாம். கையுறையோடு எடுத்து, மூடியுள்ள வாளியில் இட்டு, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, விவசாயப் போதனாசிரியருக்கு அறிவியுங்கள்.

4. இனி வாங்கும் போத்தல் முடிந்தவுடன் மூன்று தரம் நீர்விட்டு அலசி, அந்த நீரைத் தெளிகருவிக்குள்ளேயே ஊற்றி வயலுக்கே அடித்துவிடுங்கள். பிறகு போத்தலைத் துளையிட்டுவிடுங்கள். மண்ணெண்ணெய்க்கோ குடிநீருக்கோ அதை எடுக்கக்கூடாது.

5. தெளிகருவியைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கழுவவேண்டாம். சுவீடன் நாட்டு விவசாயிகள் 1993இலிருந்து வைக்கோல், மேல்மண், கரிமண் ஆகியவற்றைக் கலந்து நிரப்பிய குழியின்மேல் கழுவுகிறார்கள். அங்கே மண்ணின் நுண்ணுயிர்கள் மெதுவாக அதே ஒட்சியேற்றத்தைச் செய்கின்றன. கரிமண்ணுக்குப் பதிலாக உக்கிய கூட்டெருவை இட்டு, அடியிலே களிமண் பூசி, கிணற்றுக்குத் தூரமாக நாமும் அமைக்கலாம்.

அறிந்துகொள்ளும் உரிமை

இறுதியாக ஒன்று. சுன்னாகம் பகுதிக் கிணறுகளிலே எண்ணெய் கலந்தபோது, மக்கள் வாளியில் மிதந்த படலத்தைக் காட்டிக் காட்டி அலைந்தார்கள். இறுதியில் வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் இரண்டு கோடி ரூபா நட்டஈடு வழங்கும்படி தீர்ப்பாயிற்று. எண்ணெய் மிதக்கும், கண்ணுக்குத் தெரியும். மருந்து விஷம் மிதக்காது. ஆகவே தன் கிணற்றில் என்ன இருக்கிறது என்று அறிந்துகொள்ளும் உரிமை, மீளக்குடியேறிய குடும்பத்துக்கு இன்னும் அதிகமாக வேண்டியிருக்கிறது. வீடு கட்டிக்கொடுத்துக் கிணற்றை இறைத்துக்கொடுத்தவுடன் மீள்குடியேற்றம் முடிந்துவிட்டது என்று கணக்கை மூடுவது நீதியாகாது.

அடுத்த முறை அந்தக் கிராமத்துக்குப் போனபோது இவற்றையெல்லாம் ஐயாவிடம் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப தூள் வேண்டாம் எண்டுறியள்."

"கிணற்றுக்கு வேண்டாம் ஐயா."

சற்றுநேரம் ஒன்றும் பேசாதிருந்தார். பிறகு பேரனைக் கூப்பிட்டு, கிணற்றடியிலிருந்து எத்தனை பாகம் தள்ளிக் குழி வெட்டலாம் என்று காட்டச்சொன்னார். கிணற்றின் மேல் பலகை போட்டு மூடியிருந்தது. நீர் மாதிரி பரிசோதனைக்குப் போய்விட்டது. முடிவு இன்னும் வரவில்லை. அது வரும்வரை அவரது மருமகள் பாடசாலைக் கிணற்றிலிருந்து காலையும் மாலையும் குடம் சுமக்கிறாள். அந்தக் கடதாசியைக் கேட்டு வாங்கிக்கொடுப்பது எமது பொறுப்பு. கேட்டுக்கொண்டே இருப்போம்.